வாகனக் கொம்பனிகளின் சைபர் இடரை ஒப்பிடுவது எப்படி: வன்னியில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

"எந்தக் கொம்பனியின் வாகனம் சைபர் தாக்குதலிலிருந்து பாதுகாப்பானது?" என்று கேட்டால் ஒருவராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. "மல்லாவியில் உரமும் நெல்லும் ஏற்றப் போகிற இரண்டு லொறிகளுக்கு, இந்த இரண்டு கொம்பனிகளில் எதனால் எங்களுக்குக் கூடுதல் கேடு வரலாம்?" என்று கேட்டால் பதில் தேடலாம். முதற்கேள்வியில் வாகனமும் இல்லை, இடமும் இல்லை, கேடு யாருக்கு என்பதும் இல்லை. அந்த மூன்றும் மாறினால் ஒப்பீட்டின் முடிவே தலைகீழாக மாறும். கீழே ஒரு கணக்கில் அதைப் பார்க்கலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் வாகனத் தொழில்நுட்பமோ பொறியியலோ படிக்கிறவர்கள், வாகனம் வாங்கப் போகும் பல நோக்குக் கூட்டுறவுச் சங்கக் குழுக்கள், ஏ9 வீதியில் டிப்பரோ வானோ ஓடவிடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. ஒரு மடிக்கணினி, இணையம், ஒரு விரிதாள், கூடவே உங்களைப் போலவே பொறுமையுள்ள இன்னொருவர் போதும். விரிதாள் பழக்கமில்லையென்றால் சி.ஆர். கொப்பியில் கோடு போட்டும் செய்யலாம்.

தொடங்குமுன் ஓர் எல்லை. வேலை முழுவதையும் பகிரங்கமாகக் கிடைக்கும் தகவலை வைத்தே செய்ய வேண்டும். கொம்பனியின் சேவையகத்தை (சேர்வரை) ஸ்கேன் செய்வது, கைபேசிச் செயலிக்குள் வேறொருவரின் கணக்கைத் திறந்து பார்ப்பது, கடவுச்சொல்லை ஊகித்துப் போட்டுப் பார்ப்பது எல்லாம் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் உங்களைச் சிக்க வைக்கலாம். "ஆராய்ச்சிக்காகச் செய்தேன்" என்பது காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள்.

முதற்படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

அந்த வரியில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: எந்த மாதிரி (மொடல்), எந்த ஆண்டு, எந்தச் சந்தைக்குச் செய்தது, என்ன வேலைக்கு. "எந்தச் சந்தைக்கு" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் பல, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து, அங்கே ஓடி, பிறகு இங்கே வந்தவை. ஜப்பானுக்கென அமைந்த இணைப்புச் சேவை (வாகனத்தை இணையம் வழியாகக் கொம்பனியோடு தொடுக்கும் வசதி) இங்கே பொதுவாக இயங்காது. அதனால் சேவையகம் வழியாக வரும் இடர் குறைகிறது. அதே காரணத்தால் மென்பொருள் திருத்தமும் தானாக வந்து சேராது. ஒரே மாதிரியை இலங்கை முகவரிடம் புதிதாக வாங்கினால் இரண்டும் மாறும்.

இரண்டாம் படி: இடரை மூன்றாகப் பிரியுங்கள்

ஒன்று, வாகனம்: அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ரிமோட் திறப்பு, ஓடியோ திரை, புளூடூத். இரண்டு, சேவையகமும் கைபேசிச் செயலியும்: வாகனம் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்பதைக் கொம்பனி வைத்திருக்கும் இடம். மூன்று, கொம்பனியும் அதன் வழங்குநர்களும்: தொழிற்சாலை, உதிரிப்பாகம் செய்பவர்கள், விற்பனை முகவர்கள்.

மூன்றும் வேறு வேறு பாதைகளில் பழுதாகும். 2015 இல் ஜீப் செரோக்கி வாகனத்தை ஆய்வாளர்கள் கைபேசி வலையமைப்பு வழியாகத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டியபோது, ஃபியட் கிரைஸ்லர் 14 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்கு அழைத்தது. அது முதலாம் கூறு. டொயோட்டா 2023 மே மாதத்தில் அறிவித்தது இரண்டாம் கூறு: மேகக் கணினிச் சேமிப்பைத் தவறாக அமைத்ததால், ஜப்பானில் ஏறத்தாழ 21.5 இலட்சம் வாடிக்கையாளரின் வாகன இருப்பிடத் தகவல் 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை வெளியே தெரியக்கூடிய நிலையில் இருந்தது. ஒரு வாகனத்தின் பிரேக்கையும் அது தொடவில்லை. மூன்றாம் கூறுக்கு கோஜிமா இன்டஸ்ட்ரீஸ் நல்ல உதாரணம். பிளாஸ்டிக் பாகம் செய்யும் இந்த வழங்குநர் 2022 பெப்ரவரி இறுதியில் தாக்கப்பட, மார்ச் 1 ஆம் திகதி டொயோட்டாவின் ஜப்பான் தொழிற்சாலைகள் 14 உம் நின்றன.

மூன்றையும் கலந்து "இத்தனை சம்பவம்" என்று எண்ணினால் அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. கிளிநொச்சியில் பழைய டொயோட்டா வான் வைத்திருப்பவருக்கு இவற்றில் மூன்றாவது உதிரிப்பாகத் தாமதமாகத்தான் வரும், இரண்டாவது அநேகமாக வராது.

மூன்றாம் படி: யாரை யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

மூன்று அல்லது நான்கு கொம்பனிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர்களை எழுதுங்கள்: வாகனத்தைச் செய்தவர், இணைப்புச் சேவையை நடத்துபவர், திரை அல்லது தொடர்புப் பெட்டியைச் செய்த வழங்குநர், இலங்கை முகவர். நான்கும் ஒரே கொம்பனியாக இருப்பது அரிது. 2024 டிசம்பரில் வெளிவந்த வொக்ஸ்வாகன் குழும விவகாரத்தில் ஏறத்தாழ 8 இலட்சம் மின்வாகனங்களின் தரவு வெளியே தெரிந்தது. அதை வைத்திருந்தது குழுமத்தின் மென்பொருட் கிளையான காரியாட். வொக்ஸ்வாகன், அவுடி, சீட், ஸ்கோடா என்ற நான்கு பெயர்களிலும் வாகனங்கள் அதில் இருந்தன. அவுடியையும் ஸ்கோடாவையும் இரண்டு கொம்பனிகளாக வைத்து ஒப்பிட்டிருந்தால், ஒரே சேவையகத்தை அதனுடனேயே ஒப்பிட்டதாக முடிந்திருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. 2025 செப்ரெம்பரில் ஜாகுவார் லாண்ட் ரோவர் உற்பத்தி முழுவதையும் வாரக்கணக்கில் நிறுத்த வேண்டி வந்தது. பிரித்தானியப் பொருளாதாரத்துக்கு 190 கோடி பவுண் இழப்பு என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அந்தக் கொம்பனி டாட்டா குழுமத்துக்குச் சொந்தமானது. அதற்காக எங்கள் ஊர் டாட்டா பட்டா லொறியின் இடர்ப் புள்ளியை ஏற்றக்கூடாது. உரிமையாளர் ஒருவராக இருப்பது வேறு, வலையமைப்பும் தொழிற்சாலையும் ஒன்றாக இருப்பது வேறு. பொதுவான தொகுதி இருப்பதற்குச் சான்று கிடைத்தால் மட்டும் ஒரு கொம்பனியின் சம்பவத்தை இன்னொன்றின் கணக்கில் போடுங்கள்.

நான்காம் படி: சான்று சேர்த்தல்

அதிக நேரம் போகும் படி இதுதான், போகவும் வேண்டும். முதலில் ஒரு கால எல்லையை வையுங்கள். கடந்த 5 ஆண்டுகள் என்றால் எல்லாக் கொம்பனிக்கும் அதே 5 ஆண்டுகள். ஒன்றுக்கு 2015 வரை தோண்டிவிட்டு மற்றதற்குக் கடந்த வருடத்தோடு நிறுத்தினால், தோண்டப்பட்டதுதான் மோசமாகத் தெரியும்.

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டால், நான்கு பெயர்கள் அடிக்கடி வரும். ஐ.எஸ்.ஓ. 27001 ஓர் அலுவலகத்தின் அல்லது நிறுவனத்தின் தகவற் பாதுகாப்பு முகாமைத்துவத்தைப் பற்றியது, வாகனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டிசாக்ஸ் என்பது ஜேர்மன் வாகனத்துறையில் பிறந்த மதிப்பீடு. வழங்குநர் தன்னிடம் தரப்பட்ட தகவலை எப்படிக் காக்கிறார் என்று பார்க்கிறது. ஐ.எஸ்.ஓ./எஸ்.ஏ.ஈ. 21434 என்ற 2021 ஆம் ஆண்டுத் தரநிலைதான் வாகனத்தின் மின்னணு அமைப்பை வடிவமைப்பதிலிருந்து கைவிடும்வரை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்கிறது. நான்காவது, வாகனங்களின் சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 155. ஏற்றுக்கொண்ட நாடுகளில் இது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதியும் எல்லாக் கார், வான், பஸ், லொறிகளுக்கும் கட்டாயம். இதன் முகாமைத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கே செல்லும்.

சான்றிதழைக் கண்டதும் புள்ளி போடாமல், அதன் எல்லைக் கூற்றை வாசியுங்கள். "இன்ன நகரிலுள்ள தரவு மையம்" என்று மட்டும் இருந்தால் அது அந்த மையத்துக்கே. 155 ஐப் பொறுத்தவரை, இந்தியா அந்த ஒழுங்குவிதியின் அடிப்படையான 1958 உடன்படிக்கையில் இல்லை. ஆகவே இந்தியச் சந்தைக்குச் செய்த ஓட்டோவுக்கோ பட்டாவுக்கோ, அதே கொம்பனி ஐரோப்பாவுக்கு எடுத்த அங்கீகாரம் தானாகப் பொருந்தாது. அந்த விதி வெறும் காகிதமாக நிற்கவில்லை என்பதற்கு போர்ஷே சாட்சி: பெற்றோல் மகான் மாதிரியின் பழைய மின்னணு அமைப்பை விதிக்கேற்ப மாற்றுவதை விட, 2024 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் விற்பனையை நிறுத்துவதையே அந்தக் கொம்பனி தெரிவுசெய்தது.

அடுத்து, அறியப்பட்ட குறைகள். அமெரிக்காவின் தேசியக் குறைபாட்டுத் தரவுத்தளத்தில் சி.வி.ஈ. எண்களை (பகிரங்கமாக அறியப்பட்ட ஒவ்வொரு பாதுகாப்புக் குறைக்கும் கொடுக்கும் பொது இலக்கம்) தேடலாம், கட்டணம் இல்லை. கொம்பனியின் பெயரோடு நிறுத்தாமல் மாதிரியின் பெயர், திரையின் வணிகப்பெயர், வழங்குநர் பெயர் (ஹர்மன், பொஷ், கொன்டினென்டல், டென்சோ போன்றவை) என்று தனித்தனியாகத் தேடுங்கள். உதாரணத்துக்கு சி.வி.ஈ. 2022-27254 என்ற பதிவு, 2018 ஹொண்டா சிவிக்கின் ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே சமிக்ஞையை அனுப்புவதால் அதைப் பதிந்துவைத்து மீண்டும் ஒலிபரப்பிக் கதவைத் திறக்கலாம் என்கிறது. வன்னியில் நிற்கும் வாகனத்துக்கு நேரடியாகப் பொருந்தும் வகைக் குறை இது. இணையமும் தேவையில்லை, சேவையகமும் தேவையில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. குறை கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுக்கும் கொம்பனிக்குக் கூடுதல் அறிக்கைகள் வரும். டோக்கியோவில் 2024 ஜனவரியில் நடந்த போன்டுஓன் ஒட்டோமோட்டிவ் என்ற, வாகனத் தொகுதிகளில் குறை கண்டுபிடிக்கும் போட்டியில் அதுவரை அறியப்படாத 49 குறைகள் வெளிவந்தன. யாருடைய வாகனமும் பாகமும் அந்த மேசைக்கு வந்தனவோ அவர்களின் பெயரில்தான் அவை பதியும். தன் பொருள் அந்தப் பக்கமே போகாதவரின் பெயரில் பூச்சியம் நிற்கும். இன்னொரு பக்கம், சேவையகத்தில் மட்டும் திருத்தி முடிக்கும் குறைகளுக்குப் பெரும்பாலும் சி.வி.ஈ. எண்ணே கிடைப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், அதற்குப் புள்ளி போடாதீர்கள்.

புள்ளி போட வேண்டியது திருத்த எடுத்த நாட்களுக்கு. நிசான் லீஃபின் செயலியில் வாகன அடையாள இலக்கம் தெரிந்தாலே வேறொருவரின் குளிரூட்டியை இயக்கலாம், பயண விபரத்தைப் பார்க்கலாம் என்று 2016 ஜனவரியில் கொம்பனிக்குச் சொல்லப்பட்டது. அந்த இலக்கம் முன்கண்ணாடியில் யாரும் வாசிக்கும்படி இருப்பது. சேவை நிறுத்தப்பட ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. 2024 நவம்பரில் சுபாருவின் ஊழியர் இணையத்தளத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது 24 மணித்தியாலத்துக்குள் அடைக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருப்பதால் இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்து நிசானைத் தாழ்த்தக் கூடாது. உங்கள் கால எல்லைக்குள் ஒவ்வொரு சம்பவத்துக்கும் "சொல்லப்பட்ட திகதி", "திருத்திய திகதி", "வெளியே அறிவித்தவர் யார்" என்ற மூன்று நிரல்களையும் நிரப்புங்கள். மூன்றாவது நிரலில் எப்போதும் வெளியாரின் பெயரே வருகிற கொம்பனியை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

குறை சொல்ல வழி இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கொம்பனியின் இணையத்தளத்தில் குறை அறிவிக்கும் கொள்கைப் பக்கமும் தொடர்பு மின்னஞ்சலும் உண்டா, "செக்யூரிட்டி டெக்ஸ்ட்" கோப்பு (குறையை யாருக்கு அறிவிப்பது என்று தளத்திலேயே சொல்லும் சிறு கோப்பு) வைத்திருந்தால் அதன் காலாவதித் திகதி தாண்டியிருக்கிறதா என்று குறியுங்கள். மின்னஞ்சற் களத்தின் (டொமைனின்) டிமார்க் பதிவையும் பாருங்கள்; அந்தப் பெயரில் வரும் போலி மின்னஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவரின் சேவையகத்துக்குச் சொல்வது அது. அது பகிரங்கப் பெயர்ப்பதிவு, கேட்டால் யாருக்கும் கிடைக்கும். "நிராகரி" என்றிருந்தால் நல்லது, "ஒன்றும் செய்யாதே" என்றிருந்தால் அந்தக் கொம்பனியின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்புவது எளிது. இலங்கை முகவரின் களத்தையும் மறக்காமல் பாருங்கள். முற்பணம் கேட்டு வரும் போலிக் கடிதம் ஜப்பானியத் தலைமையகத்தின் பெயரில் வராது, கொழும்பு முகவரின் பெயரில்தான் வரும்.

மதிப்பீட்டு நிறுவனங்களான பிட்சைட் 250 முதல் 900 வரை தரும் புள்ளி, செக்யூரிட்டிஸ்கோர்கார்ட் ஏ முதல் எஃப் வரை தரும் தரம் ஆகியவற்றைப் பலர் நேராக முடிவாகவே எடுக்கிறார்கள். அவை இணையத்துக்குத் தெரியும் முகப்பை வெளியே நின்று அளப்பவை. ரிமோட் திறப்பின் சமிக்ஞை அவற்றுக்குத் தெரியாது. மறந்துபோன பழைய விளம்பரத் தளம் ஒன்று கொம்பனியின் புள்ளியை இறக்கிவிடலாம். மூன்றாம் கூறுக்கு மட்டும், அதுவும் உங்கள் புள்ளியைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: அளவைச் சமப்படுத்துதல்

ஆண்டுக்குப் பல மில்லியன் வாகனம் விற்கும் கொம்பனிக்கும் ஓர் இலட்சம் விற்கும் கொம்பனிக்கும் சம்பவ எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவது, ஒரு நெல்லினத்தை இரணைமடு வாய்க்கால் நீரிலும் மற்றதை மானாவாரியிலும் விதைத்துவிட்டு எது நல்ல இனம் என்று கேட்பது போன்றது. இணைப்புள்ள வாகனங்களின் எண்ணிக்கை, சேவை நடக்கும் நாடுகளின் எண்ணிக்கை, செயலி வந்து எத்தனை ஆண்டு என்பவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். வகுத்துப் பெறும் எண்ணை மிகையாக நம்பவும் வேண்டாம். சம்பவம் இரண்டோ மூன்றோ மட்டும் என்றால் வகுத்தல் வெறும் தோற்றம்தான்.

ஆறாம் படி: புள்ளியும் நிறையும்

ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை. 5 என்றால் இடர் கூட. ஒவ்வொரு எண்ணும் என்ன என்பதைக் கொம்பனிகளின் பெயரைப் பார்க்குமுன் எழுதி வையுங்கள். சேவையகக் கூறுக்கு இப்படி வைக்கலாம்: குறை சொல்ல வழி உண்டு, வந்த குறைகள் 90 நாளுக்குள் திருத்தப்பட்டன என்றால் 1. திருத்தம் வந்தது, ஆனால் பிந்தியது அல்லது வெளியார் சொன்ன பிறகே கொம்பனி வாய் திறந்தது என்றால் 3. அறியப்பட்ட குறை இன்னும் திறந்தபடி என்றால் 5. விளைவை எடைபோட 21434 தரநிலையின் நான்கு வகைகளே போதும்: உயிர்ப் பாதுகாப்பு, பணம், வாகனத்தின் இயக்கம், அந்தரங்கம்.

தகவல் கிடைக்காத கட்டத்தில் பூச்சியமும் போடாதீர்கள், நடுவாக 3 உம் போடாதீர்கள். "தெரியாது" என்று எழுதி, கீழெல்லையாக 2, மேலெல்லையாக 5 வைத்து இரண்டு தடவை கணக்குப் பாருங்கள். வாய் திறக்காத கொம்பனிக்கு அந்த மௌனமே நன்மையாகக் கூடாது.

இப்போது கணக்கு. அ என்ற கொம்பனிக்கு வாகனம் 2, சேவையகம் 4, வழங்குநர் 3. ஆ என்ற கொம்பனிக்கு 3, 2, 4. முகவரிடம் புதிதாக, செயலியோடு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்து, நிறைகளை (ஒவ்வொரு கூறும் உங்களுக்கு நூற்றுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை) 40, 35, 25 என்று எடுத்தால் அ 2.95, ஆ 2.90. இந்த 0.05 வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது. அதே இரண்டு கொம்பனிகளின் ஜப்பான் இறக்குமதி வாகனம் என்றால் செயலி ஓடாது, நிறை 60, 10, 30 ஆகிறது. அ 2.50, ஆ 3.20. கொம்பனிகள் மாறவில்லை, புள்ளிகள் மாறவில்லை, உங்கள் நிலைமை மாறியது. முதலாம் படியில் எழுதிய வரி இங்கேதான் வேலை செய்கிறது.

உறுதிபார்க்க, ஒரு கூறின் நிறையில் 10 ஐக் கூட்டி இன்னொன்றில் 10 ஐக் குறைத்துத் திரும்பக் கணக்கிடுங்கள். முதற்கணக்கை 50, 25, 25 என்று மாற்றினால் அ 2.75, ஆ 3.00, வரிசை புரள்கிறது. அப்படிப் புரண்டால் அறிக்கையில் "இரண்டும் சமம்" என்று எழுதுங்கள். இருவர் தனித்தனியே புள்ளி போட்டு, ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்த கட்டங்களை மட்டும் சான்றோடு உட்கார்ந்து பேசுங்கள். சராசரி எடுத்துச் சமாளிக்க வேண்டாம். ஒருவர் பார்த்த சான்றை மற்றவர் பார்க்காததால்தான் அநேகமாக அந்த வித்தியாசம் வந்திருக்கும்.

கொம்பனியின் கணக்கில் வராத ஒன்று

வன்னியில் ஓடும் வாகனத்துக்குப் பெரிய சைபர் இடர் பல சமயம் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை, பிறகு பூட்டிய ஜிபிஎஸ் கருவியிலிருந்து வருகிறது. லீசிங் கொம்பனி பூட்டச் சொன்னதாக இருக்கலாம், டிப்பர் முதலாளி தானே பூட்டியதாக இருக்கலாம். மலிவான கருவிகள் பல, சிம் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கட்டளையை ஏற்கும். தொடக்கக் கடவுச்சொல் பெரும்பாலும் 123456 ஆகவே இருக்கும். 2022 ஜூலையில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகவரகம் மைகோடஸ் எம்.வி.720 கருவியைப் பற்றி எச்சரித்தது. அதன் சேவையகத்தில் மாற்ற முடியாத ஒரு பொதுக் கடவுச்சொல் இருந்தது. அதை அறிந்தவர் எந்த வாகனத்தின் இருப்பிடத்தையும் பார்க்கலாம், எரிபொருளையும் நிறுத்தலாம். மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே இரவில் சுமையோடு போகும் டிப்பரில் எரிபொருள் நின்றால் அது உயிர்ப் பாதுகாப்பு வகைக் கேடு.

ஆகவே விரிதாளில் நான்காவது கூறாக "பின்னர் பூட்டியவை" என்று ஒரு வரிசை சேருங்கள். கருவியின் வகையும் மாதிரியும், கடவுச்சொல் மாற்றப்பட்டதா, எரிபொருள் துண்டிக்கும் இணைப்பு பூட்டப்பட்டதா, தரவு எந்தக் கொம்பனியிடம் போகிறது என்ற நான்கையும் பூட்டியவரிடம் எழுத்தில் கேளுங்கள். துண்டிக்கும் கம்பி தேவையில்லையென்றால் கராஜில் கழற்றச் சொல்லுங்கள். லீசிங் வாகனமென்றால் முதலில் லீசிங் கொம்பனியின் எழுத்து அனுமதியை எடுங்கள். இருப்பிடத் தரவு தனிப்பட்ட தரவு என்பதால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

இறுதி அறிக்கையை எழுதுமுன், ஒவ்வொரு முகவருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்புங்கள். இந்த மாதிரிக்கு மென்பொருள் திருத்தம் எத்தனை ஆண்டு வரும், இலங்கையில் யார் அதை ஏற்றுவார், கட்டணம் என்ன? ஜப்பான் இறக்குமதி வாகனத்துக்கும் ஏற்றுவீர்களா? வாகனத்தை விற்றால் பழைய உரிமையாளரின் செயலிக் கணக்கு எப்படி நீக்கப்படும்? திறப்புத் தொலைந்தால் பழைய திறப்பை வாகனத்தின் நினைவிலிருந்து அழிப்பீர்களா? 14 நாட்கள் அவகாசம் கொடுங்கள். பதில் வராத கட்டத்தில் "கேட்டோம், பதில் இல்லை" என்று திகதியோடு எழுதுங்கள்.

ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் பார்த்த திகதியும் சான்றின் தரமும் இருக்கட்டும்: கொம்பனியின் அல்லது அரசின் நேரடி ஆவணம் முதற்தரம், பெயர் சொல்லி எழுதிய ஆய்வாளரின் அறிக்கை இரண்டாந்தரம், செய்தி மட்டும் என்றால் மூன்றாந்தரம். மூன்றாந்தரச் சான்றை மட்டும் வைத்து 5 போட்ட கட்டங்களை அறிக்கை அனுப்புமுன் திரும்பத் தேடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தாளைத் திறந்து பாருங்கள். இடையில் ஒரு கொம்பனியில் சம்பவம் நடந்தால் அதன் கட்டத்தை மட்டும் மாற்றாமல், மற்றக் கொம்பனிகளையும் அதே வகைக் குறைக்காக அன்றே தேடிவிடுங்கள். ஒரே வழங்குநரின் பெட்டி அவற்றிலும் பூட்டப்பட்டிருக்கலாம்.